சிவப்பு லேபிள் லேகியம்

குழல்வாய்மொழி பாயில் விறைத்துக் கிடந்தாள்.

வயது இருபத்து நான்கு. அருவியில் வழுக்கி அடிபட்ட முழங்காலுக்கு மூட்டுவலி லேகியம் தின்றவள். பத்தே நாளில் வலி பறந்தது. அந்த நம்பிக்கையில்தான் நிறுத்தவில்லை. நாற்பதாம் நாள்... வாந்தி. பேதி. பிணம்!

காலரா என்று சொல்லி எரித்துவிட்டார்கள்.

1961 ஜூலை. தென்காசிப் பள்ளியில் ரசாயன ஆசிரியர் சங்கரநாராயணன். அந்த லேகியச் சீசாவை மனைவி குழல்வாய்மொழிக்கு வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். அழவில்லை. மறுவாரமே லேகியத்தின் லேபிள் சிவப்பிலிருந்து பச்சையாக மாறியதைக் கவனித்தான்.

"பச்ச லேபிள சோதிச்சாச்சு சார். வெறும் கருப்பட்டி, சுக்கு," என்றார் இன்ஸ்பெக்டர் நம்பிராஜன். "அதத் தின்னுட்டும் வலி போயிட்டுன்னுதான் சொல்லுதாவ. பழசுல என்ன இருந்துதுன்னு அந்த வைத்தியன் வாயால சொல்லணும்."

"சொல்ல வச்சிருதேன். நாளைக்கு அருவிக்கரைக்கு வாங்க. யூனிஃபார்ம் வேண்டாம்."

மறுநாள். சாரல். ஈரத்துண்டோடு கூட்டம்.

வைத்தியர் மந்திரமூர்த்தி கடை விரித்திருந்தார். பச்சை லேபிள் வந்ததிலிருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் முன்னால் ஒரு கரண்டி தானே தின்று காட்டுவது அவர் வழக்கம். கூட்டம் நம்புவதே அதனால்தான்.

"ஒரு மண்டலம் சாப்பிடுங்க. முட்டு இரும்பாயிரும்," என்று கரண்டியை எடுத்தார்.

சங்கரநாராயணன் ஒரு சீசாவை நீட்டினான். சிவப்பு லேபிள்!

"அண்ணாச்சி, இன்னைக்கு இதுல தின்னுங்க. உங்க சரக்குதான்."

வைத்தியரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அது பழசு தம்பி..."

"என்ன வைத்தியரே, சொந்த மருந்துக்கே பயமா?" என்றார் எண்ணெய் பூசி நின்ற ஒரு தொந்திக்காரர். கூட்டம் சிரித்தது. நெருங்கியது.

சங்கரநாராயணன் கரண்டி நிறைய அள்ளினான். வைத்தியரின் உதட்டருகே கொண்டுபோனான்.

"எம் பொஞ்சாதி நாப்பது நாளு தின்னா. நீரு ஒரு வாய் திங்கக் கூடாதா?"

கரண்டி உதட்டில் பட்டது.

வைத்தியர் தட்டிவிட்டார்.

"ஏலே, கொல்லப் பாக்கியா? அதுல பாஷாணம் கெடக்கு! மொளகளவு திங்கிறத கரண்டி நெறையத் தந்தா செத்திருவேன்லே!"

சங்கரநாராயணன் விழுந்த கரண்டியை எடுத்துத் துடைத்தான்.

"சீசாவுல அத எழுதலியே அண்ணாச்சி?"

"எழுதுனா எவன் வாங்குவான்?"

சொன்ன பிறகுதான் வைத்தியர் வாயைப் பொத்தினார்.

சங்கரநாராயணன் இன்னொரு கரண்டி அள்ளினான். தன் வாயில் போட்டுக்கொண்டான்! நிதானமாக மென்றான். விழுங்கினான்.

"கருப்பட்டி, சுக்கு. நேத்து நானே கிண்டுனது," என்றான். "ஒம்ம லேகியத்த அவ வழிச்சுத் தின்னுட்டா. எங்கிட்ட மிஞ்சுனது காலிச் சீசாதான்."

வைத்தியர் ஓடப் பார்த்தார்.

எண்ணெய்க் கை ஒன்று அவர் பிடரியைப் பிடித்தது. தொந்திக்காரர்... நம்பிராஜன்!

"ஜீப்பு கொண்டு வரல. தென்காசிக்கு மூணு மைலு, நடந்தே போவோம் வைத்தியரே. உம்ம முட்டுதான் இரும்பாச்சே!"