காலி அறையின் கணக்கு

காலியாகக் கிடக்கும் ஓர் அறை, காலி அறையைப் போல நடந்துகொள்ள மாட்டேன் என்று ஏன் அடம்பிடிக்கிறது? மூன்று நாளாகியும் டீச்சரம்மாவுக்கு இது பிடிபடவில்லை.

அவள் டீச்சர் இல்லை, ஒலிப்பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. யார் எதைக் கேட்டாலும் அடியிலிருந்து நுனிவரை விளக்காமல் விடமாட்டாள் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பேர் அது. அவளோடு சேர்ந்து ப்ராஜெக்ட் செய்கிறவளுக்கு மைக்செட் என்று பேர். அவள் கேன்டீனில் காபி கேட்டால் வெளி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார்.

கல்லூரிக் கட்டடத்துக்கு அடியில், படியிறங்கிப் போனால் நடைபாதையின் கடைசியில் இருந்தது எதிரொலி அறை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி எதிரொலி சேர்க்கும் வசதி வராத காலத்தில், பாடகரின் குரலைக் கம்பி வழியாக இங்கே அனுப்புவார்கள். ஒரு மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் அந்தக் குரலை அறைக்குள் கொட்டும். அது வழவழப்பான சிமென்ட் சுவர்களில் மோதி, உருண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடர்ந்து, எதிர் மூலையில் இருக்கும் மைக்குக்கு வந்து சேரும்போது பெரிய மண்டபத்தில் பாடியது போல ஆகியிருக்கும். இப்போது அதற்காக யாரும் இங்கே வருவதில்லை. மாணவர்கள் அளந்து பழகுவதற்கு மட்டும்தான் கதவைத் திறக்கிறார்கள்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இரும்புக் கதவை வெளியிலிருந்து இறுக்கிச் சாத்திவிட்டு, ஸ்பீக்கரில் ‘உஸ்’ என்று ஓர் இரைச்சலை விட்டு, சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் சத்தம் உள்ளே கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது தேய்ந்து மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று லேப்டாப் சொல்லிவிடும். அறையைக் கட்டி முடித்த அன்று அளந்த நேரம் கதவுக்கு மேலே ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது: மூன்று விநாடி.

இவர்களுக்கு வந்தது 1.85. எத்தனை தடவை அளந்தாலும் அதே 1.85.

“மிச்சம் ஒரு விநாடி எங்கம்மா போச்சு, வர்ற வழியில தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டார் பேராசிரியர். “காலி ரூமை அளக்கத் தெரியாதவங்களுக்கு நான் எப்படி மார்க் போடறது?” இன்று நான்கு மணிக்குள் சரியான அறிக்கை அவர் மேஜைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இந்தப் பாடம் போய்விடும். டீச்சரம்மா அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம். மைக்செட்டுக்கு அந்தப் பேச்சே இல்லை, ஏற்கெனவே ஒரு தடவை தவறவிட்டாள்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா எங்கப்பா வண்டிய எடுத்துட்டு நேரா ஹாஸ்டலுக்கு வந்துருவாருடி,” என்றாள் மைக்செட். “‘சத்தம் போடறதுக்கு எதுக்கு காலேஜு, அத நீ வீட்டுலயே நல்லாத்தான பண்றே’ன்னு சேர்றப்பவே கேட்டாரு. ஏதாவது பண்ணு டீச்சரே. உன்னத்தான் நம்பியிருக்கேன்.”

மணி இரண்டேகால். மேலே நல்ல வெயில். கீழே அது தெரியாது. கதவுக்கு வெளியே இருந்த சின்னத் தடுப்புக்குள் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். அதன் ரீங்காரமும் லேப்டாப்பின் விசிறியும் எங்கோ குழாயில் தண்ணீர் இறங்கும் ஓசையும் தவிர வேறொன்றும் இல்லை. ஈரச் சிமென்ட் வாசனை கதவிடுக்கிலிருந்து மெல்ல வந்து மூக்கில் படிந்துகொண்டிருந்தது.

டீச்சரம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். மைக்கை மாற்றிப் பார்த்தாள். ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரை மாற்றினாள். கேபிள், கதவின் ரப்பர், அறையின் சூடு, காற்றின் ஈரம் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. எதுவும் ஒரு விநாடியை விழுங்கும் அளவுக்குப் பெரிதில்லை.

“சரி, விழுங்கினது எவ்வளவுன்னு முதல்ல கணக்குப் போடுவோம்,” என்றாள்.

“போடு. நான் தூங்கறேன்.”

“கேளுடி. ஒரு ஜன்னல திறந்து வெச்சா அது வழியா வெளிய போற சத்தம் திரும்பி வராது இல்லையா? அதனால, சத்தத்த முழுங்கற எதையும் ‘இத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னல்’னு சொல்லலாம். கம்பளம் இத்தனை ஜன்னல், சோபா இத்தனை ஜன்னல். நம்ம ரூம் அறுபது கன மீட்டர். மூணு விநாடி ஒண்ணு புள்ளி எட்டஞ்சு ஆச்சுன்னா…” பென்சில் ஓடியது. “ரெண்டு சதுர மீட்டர். சரியா ரெண்டு.”

“அந்த ரூம்ல ஜன்னலே கிடையாதே.”

“அதான் சொல்றேன். ஆனா மனுஷ உடம்பும் சத்தத்த முழுங்கும். துணி, முடி, சதை எல்லாம் சேத்து ஆளுக்கு அரை சதுர மீட்டர். அதனாலதான் அளக்கும்போது உள்ள ஆள் இருக்கக் கூடாதுன்னு ரூல்.” பென்சில் நின்றது. “நாலு பேர் உள்ள நிக்கற மாதிரி இருக்கு.”

“அப்ப நாலு பேருக்கும் அட்டென்டன்ஸ் போட்டுரு,” என்று மைக்செட் சிரித்த சிரிப்பு நடைபாதை முழுக்கப் போய்வந்தது. பிறகு எழுந்தாள். “இரு, யாராவது பழைய மெத்தை கித்தை சுருட்டிப் போட்டிருக்கானான்னு நானே பாத்துட்டு வரேன். நீ வாசல்ல இருந்து எட்டித்தானே பாத்தே? மூலையில எல்லாம் போய்ப் பாத்தியா?”

இல்லை. மூன்று நாளும் மைக் தாங்கியை வாசலிலிருந்து நீட்டி வைத்ததோடு சரி. ஏனென்று டீச்சரம்மா யோசித்ததில்லை. கால் உள்ளே வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“போறதுதான் போறே, கொஞ்ச நேரம் அங்கேயே நில்லு,” என்றாள். ஆர்வம் தலைக்கேறியிருந்தது. “கதவைச் சாத்திட்டு அளக்கறேன். நீ ஒரு ஆள். உனக்கு எவ்வளவு குறையுதுன்னு தெரிஞ்சா நம்ம மிஷின் சரியா தப்பான்னு தெரிஞ்சுடும். காதை நல்லா பொத்திக்கோ.”

மைக்செட் உள்ளே போனாள். இரும்புக் கதவு கனமாக வந்து ரப்பரில் பதிந்தது.

டீச்சரம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மைக்செட்டின் செருப்புச் சத்தம் ஒவ்வோர் அடிக்கும் நான்காகப் பெருகி, சுவரெல்லாம் நடந்து, ஒரு கூட்டமே அங்குமிங்கும் உலவுவது போலக் கேட்டது. “ஒரு மண்ணும் இல்லடி! நாலு சுவரு, ஒரு பல்பு!” அந்தக் குரல் பெரிதாகி, பெரிதாகி, மெல்ல அடங்கியது. “மூலையிலயும் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் புழுக்கமா இருக்கு. பஸ்ல நடுவுல நிக்கற மாதிரி.”

டீச்சரம்மா விசையைத் தட்டினாள். இரைச்சல். நிறுத்தம். தேய்வு.

1.69.

காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அரை சதுர மீட்டர். ஒரே ஓர் ஆள். துளி பிசகில்லை. மிஷின் சரி, சூத்திரம் சரி, தன் மூன்று நாள் உழைப்பும் சரி. சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினாள். இதைத்தான் அவள் நேசித்தாள்: கண்ணுக்குத் தெரியாத ஒன்று, எண்ணாக வந்து கைக்குள் உட்காரும் அந்த நிமிடம். “வா, வா, வெளிய வா!” என்று கதவைத் திறந்துவிட்டு, யார் வருகிறார்கள் என்றுகூட நிமிர்ந்து பார்க்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் மைக்செட் வந்து அமர்ந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. கதவு மறுபடி சாத்தியிருந்தது.

“இப்ப பாரு, 1.85க்குத் திரும்பிப் போகும்.”

இரைச்சல். நிறுத்தம். தேய்வு.

1.69.

கதவு சரியாகப் பதியவில்லையோ? எழுந்து தோளால் அழுத்தினாள். பதிந்துதான் இருந்தது. மறுபடி அளந்தாள்.

1.69.

“என்னடி இது,” என்றாள். “நீதான் வெளிய வந்துட்டியே.”

அப்போதுதான் உறைத்தது. கதவைத் திறந்ததிலிருந்து மைக்செட் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. ஒரு கால் ஆடும் அந்த நாற்காலி, யார் உட்கார்ந்தாலும் முனகும். அதுவும் முனகவில்லை. ஈரச் சிமென்ட் வாசனை இப்போது கதவிலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

டீச்சரம்மா தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை.

ஒரு கை அவளைத் தாண்டி நீண்டது. மைக்செட்டின் கைதான். மணிக்கட்டில் அவளுடைய வாட்ச், விரலில் அவள் காலையில் பூசிய நகப்பூச்சு. அது சுவரில் கயிறு கட்டித் தொங்கிய பதிவேட்டை எடுத்தது. அறையை அளந்தவர்கள் போகும்முன் எழுதிக் கையெழுத்திட வேண்டிய நோட்டு. பேனா காகிதத்தில் நகர்ந்தது. உரசும் ஓசை இல்லை. எழுதி முடித்து, நோட்டை டீச்சரம்மாவின் பக்கமாகத் தள்ளி வைத்தது.

‘1.69. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.’

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து நோட்ஸ் எழுதியதில் மைக்செட்டின் எழுத்து அவளுக்குத் தன் எழுத்தைப் போலவே தெரியும். இடது பக்கம் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும் எழுத்து. இது நேராக நின்றது. ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததிலிருந்து ஒரே தூரத்தில்.

பக்கத்தைப் புரட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறு யாரோ ஒரு மாணவர். ‘1.85. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.’

இன்னும் முன்னால். ‘2.05. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.’

2.29. அதே வரி.

2.60. அதே வரி.

நான்கு வருடங்கள், அடியில் நான்கு பேரின் கையொப்பங்கள். வரிகள் மட்டும் ஒரே கையால் எழுதியது போல. அவற்றுக்கும் முன்னால் பக்கம் பக்கமாக மூன்று, மூன்று, மூன்று. அந்தப் பக்கங்களில் யாரும் எதையும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

காற்று அசைந்தது. அவள் நிமிர்ந்தாள்.

இரும்புக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. அதைப் பிடித்தபடி வாசலில் நின்றது, மைக்செட்டின் முகத்தோடு. முகம் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. காத்திருந்தது. அதற்குப் பின்னால் மஞ்சள் பல்பு, வழவழப்பான சுவர்கள், ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். காலி.

“மைக்செட்!” என்று டீச்சரம்மா கத்தினாள், எதிரில் நிற்பதைப் பார்த்து அல்ல, அதன் தோளுக்கு மேலாக அறைக்குள். அவள் குரல் உள்ளே போய், சுவர்களில் உருண்டு, புரண்டு, தேய்ந்தது. வேறு குரல் எழவில்லை. ஆனால் உள்ளிருந்து வந்த காற்று வெதுவெதுப்பாக இருந்தது, நெருக்கி நிற்கிறவர்களின் மூச்சைப் போல.

“நீயும் ஒரு தடவை போய்ப் பார்,” என்றது வாசலில் நின்றது. “ஒன்றுமில்லை.”

குண்டூசி விழுந்தாலும் ஊரைக் கூட்டும் அந்த அறையின் வாசலில் நின்றுதான் அது பேசியது. அந்தக் குரல் உள்ளே எதிரொலிக்கவில்லை. ஒரு சுவர்கூட அதைத் திருப்பித் தரவில்லை.

அவள் கண் தானாகக் காகிதத்துக்குப் போயிற்று. பென்சில் தானாக ஓடியது. அறுபது கன மீட்டர். ஆளுக்கு அரை சதுர மீட்டர். ஐந்து வரிகள், ஐந்து பேர். 1.69.

மூன்று நாளாக வராத விடை கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. அறை காலியாக இல்லை. உள்ளே போனவர்கள் ஐந்து பேர். வெளியே வந்தவர் ஒருவரும் இல்லை.