பூக்காத ஐந்தாம் பாத்தி

1987 செப்டம்பர் 19. காலை 7.10.

கள்ளக்குறிச்சி விதைப் பண்ணையில், ஐந்தாம் பாத்தியின் முன் பண்ணை உதவியாளர் மணிமொழி குனிந்து பயிரை விலக்கிப் பார்த்தாள். வெள்ளிமலைச் சாமை. ஆடிப் பதினெட்டில் விதைத்து நாற்பத்தேழு நாள். ஒரு கதிர்கூட இல்லை.

மலையில் அது நாற்பதாம் நாள் பூக்கும். சமவெளிச் சாமைக்கு அறுபது ஆகும்.

போன வருடம் மழை பொய்த்ததில் அந்த மலையூரில் மிஞ்சியது மூன்று படி விதை. பெருக்கித் தருவதாகப் பண்ணை சொல்ல, அவ்வூர் விவசாயி வேடியப்பன் அதைக் கொண்டுவந்து மேற்பார்வையாளர் ராஜாங்கத்திடம் கொடுத்திருந்தார். மறுநாள் விதைப்பு.

8.00. பயிரைப் பார்க்க வந்து, சாலை மறியலில் ஊர் திரும்ப முடியாமல் பண்ணையிலேயே தங்கியிருந்த வேடியப்பன் சாமைப் பயிரின் தாளைத் தடவினார்.

"இது எங்க சாமை இல்லம்மா. மொதல்ல வர்ற கதிரத்தான் வெதைக்குக் கட்டுவோம். பிந்துனது பனியில பதராயிடும். வர்ற ஆடிக்கு நாங்க இன்னாத்த வெதைக்கிறது?"

10.20. ராஜாங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். மணிமொழியை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவர்.

"பஸ் இல்ல. ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டிருக்கானுங்க. எங் கொல்லைக்குள்ள பூந்து வந்தேன்." பாத்தியைப் பார்த்தார். "இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறீங்க? மலைக் குளுருக்கு முந்திப் பூக்கும். கீழ எறங்குனா எல்லாச் சாமையும் ஒண்ணுதான்."

சைக்கிள் சங்கிலியில் ஒரு பச்சைச் சாமைக்கதிர் சிக்கியிருந்தது.

"சார், உங்க கொல்லையில சாமையா?"

"ஆமா. நம்மூர்ச் சாமை."

"எப்ப வெதைச்சீங்க?"

"இங்க வெதைச்ச அன்னிக்கே."

"பூத்து?"

"ஒரு வாரமாச்சு. எம் மண்ணு அப்படி."

மணிமொழி விரல்விட்டு எண்ணினாள். நாற்பது நாள்.

"மண்ணு இருபது நாள் முந்த வைக்காது சார். குளிரும் இல்ல. பூக்கிற நாள் விதைக்குள்ளயே இருக்கு. பிந்தினது பதராப் போய், முந்தினதையே விதைக்குக் கட்டி, தலைமுறை தலைமுறையா அது அப்படி ஆயிடுச்சு. கீழ வந்தாலும் மாறாது. அந்த விதை ஒரு ராத்திரி உங்ககிட்டதான் இருந்தது. மாத்தினது நீங்கதான்."

ராஜாங்கம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"மலைச் சாமைன்னா சந்தையில கிராக்கி. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான… பூவு காட்டிக் குடுக்கும்னு நெனைக்கலம்மா."

"ஸ்டேஷனுக்குச் சொல்லணும்" என்றாள் மணிமொழி.

வேடியப்பன் சங்கிலியிலிருந்து கதிரைச் சிதையாமல் எடுத்தார்.

"போலீசு மரத்தத் தாண்டி வரட்டும்மா. கொல்லை எந்தப் பக்கம்னு மட்டும் இவுரச் சொல்லச் சொல்லுங்க. மொதக் கதிரு முத்துறதுக்குள்ள நான் அங்க இருக்கணும்."