ஜன்னல் பக்கத்துக் கன்னம்

அவர்கள் கடைசியாகப் போட்ட சண்டை ஒரு பல்புக்காக.

"அக்கா... பாத்ரூம்ல தொங்கறது பல்பா, இல்ல மின்மினிப் பூச்சியா? ஷேவ் பண்றப்ப எது மீசை, எது மூக்குன்னே தெரியல!"

"புது பல்ப் வாங்கியாச்சு. அளந்துட்டு மாட்டறேன். கத்தாதடா."

"அளந்து என்ன, அதுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறவளுக்கு இந்த ஒரு பையனின் வாய் எம்மாத்திரம்? பல்பைச் சொருகினாள். ஸ்விட்சைத் தட்டினாள். கையில் இருந்த மீட்டரை நேரே நீட்டினாள்.

சோப்புக் கட்டி அளவில் ஒரு மீட்டர். புற ஊதாக் கதிர் எங்கே பதுங்கியிருந்தாலும் 'பீப்' என்று காட்டிக் கொடுத்துவிடும்.

பூஜ்யம்.

"பாஸாயிடுச்சு. உள்ள போடா ஆந்தை."

ஆந்தை...

தம்பி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். பிறந்ததிலிருந்து அவனுக்கு வெயில் ஆகாது. எல்லோருடைய தோலிலும்தான் வெயில் தினமும் புகுந்து, செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவைக் கிழித்துவிட்டுப் போகிறது. எல்லோருடைய உடம்பும் கிழிந்த துண்டை வெட்டி எறிந்து, புதுத் துண்டு வைத்துத் தைத்துவிடுகிறது. ஆந்தையின் உடம்பில் அந்தக் கத்தரிக்கோலே வேலை செய்யாது. கிழிந்தது கிழிந்தபடியே நிற்கும்... சேரும்... ஒருநாள் புற்றாகும்!

அதனால்தான் அந்த வீட்டு ஜன்னல்களில் எல்லாம் கதிரைத் தடுக்கும் கருப்பு பிலிம். அதனால்தான் உள்ளே நுழையும் புதுப்பொருள் எதுவானாலும் மீட்டருக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். புதுசை அளப்பது, பழசை நம்புவது. வீட்டுச் சட்டம் அது.

வயது இருபத்தாறு. முகத்தில் ஒரு புள்ளி கிடையாது.

விசில் அடித்துக்கொண்டே உள்ளே போனான். தண்ணீர் விழும் சத்தம்.

விசில் நின்றது.

"அக்கா...!"

அந்தக் குரலில் கேலி இல்லை.

ஓடினாள். கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். பாதி முகத்தில் சோப்பு நுரை. இடது கன்னத்தில் பாதி மிளகு அளவுக்கு ஒரு கருப்பு. புது பல்ப் கொஞ்சமும் கருணையில்லாமல் அதைக் காட்டியது.

"மையா இருக்கும்டா. கழுவு."

"கழுவிட்டேன்க்கா."

"இன்னொரு தடவை கழுவு!"

கழுவினான்.

அது அங்கேயே இருந்தது.

* * *

அடுத்த மழைக்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த கூட்டத்தில் புரொஃபசரும் இருந்தார். தோல் வைத்தியத்தில் பெரிய கை. கிழிந்த டிஎன்ஏவைத் தைத்துக் கொடுக்கும் க்ரீமைக் கண்டுபிடித்துவிட்டதாக மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்த மனிதர்.

அவருடைய சோதனைக் களம், ஆந்தையின் முகம். பச்சை மூடி டியூப் வலது கன்னத்துக்கு. வெள்ளை மூடி டியூப் இடது கன்னத்துக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் க்ரீம். எதில் எது என்று சோதனை முடியும்வரை டாக்டருக்கே தெரியக் கூடாது என்பது விதி.

புரொஃபசர் உடலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அக்காவைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா... தப்பா நினைக்காதீங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? ரெண்டு கன்னமும் தெரியற மாதிரி."

"இப்பவா சார்?"

"அப்புறம் கிடைக்காதேம்மா!"

எடுத்தார்.

ஃபிளாஷ் போட்டு!

அக்கா அவரைப் பார்த்தாள். காலில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது போல.

* * *

சில நாள் கழித்து, ஒரு மதிய வேளை. மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு ஆந்தையின் அறையைக் கடந்தாள். அளக்க இனி யாருக்காக?

'பீப்!'

நின்றாள்.

அந்த வீட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்டதே கிடையாது.

அறைக்குள் போனாள். அவன் நாளெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடியோ எடிட் பண்ணிய மேஜை. அதன் இடது பக்கம் ஜன்னல். வலது பக்கம் சுவர்.

ஜன்னலை நெருங்க நெருங்க...

பீப்! பீப்! பீப்!

* * *

அந்த வட்டாரத்து இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு. அந்தக் காரம் பேச்சிலும் இறங்கும்.

"யார் மேலம்மா கம்ப்ளெயிண்ட்?"

"தெரியல மேடம். என் தம்பியைக் கொன்னிருக்காங்க."

"எதால?"

"வெயிலால."

"ஓஹோ. சூரியனைத் தூக்கி உள்ள வைக்கணுமா? லாக்கப் தாங்காதேம்மா!"

அக்கா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு பிலிம் துண்டுகளை எடுத்தாள். ஒரே கருப்பு. ஒரே பளபளப்பு. ஸ்டேஷன் வாசலில் விழுந்த வெயிலில் முதல் துண்டைப் பிடித்து, அதன் நிழலில் மீட்டரை வைத்தாள்.

"இது சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து உரிச்சது."

பூஜ்யம்.

"இது அவன் மேஜைப் பக்கத்து ஜன்னல்ல இருந்தது."

பீப்! பீப்!

இன்ஸ்பெக்டர் கிராம்பு மெல்வதை நிறுத்தினார்.

"ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கே?"

"பார்வைக்குத்தான். இது கூசாம இருக்க ஒட்டற சாதா பிலிம். கதிரை உள்ள விட்டுடும். நல்லதை உரிச்சுட்டு இதை ஒட்டியிருக்காங்க."

"எப்ப?"

"சோதனை ஆரம்பிச்சப்ப நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலயே தங்கினோம். டெஸ்ட் எடுக்கணும்னாங்க. புரொஃபசர் வீட்டுச் சாவி கேட்டார். வாராவாரம் முகத்தைப் போட்டோ எடுக்க மேஜையில ஸ்டாண்ட் மாட்டணும்னு சொல்லி ஆளு அனுப்பினார்."

"நீங்கதான் எல்லாத்தையும் அளப்பீங்களே?"

"ராத்திரி வீட்டுக்கு வந்ததுமே ஸ்டாண்டை அளந்தேன் மேடம்!" அக்காவின் குரல் உடைந்தது. "ஜன்னல் பழசு."

"இந்தச் சட்டம் அவருக்குத் தெரியுமா?"

"தம்பிதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவரும் சிரிச்சாரு. 'இவ்வளவு ஜாக்கிரதையா இருந்தா என் மருந்துக்கு வேலையே இல்லையேம்மா'ன்னாரு. நாங்களும் சேர்ந்து சிரிச்சோம்."

இன்ஸ்பெக்டர் அந்தப் பிலிம் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதாவது... தைக்கிற மருந்து ஜெயிக்கணும்னா முதல்ல கிழியணும். உங்க வீட்டுல கிழியவே இல்ல. அதனால கிழிக்க ஆளு அனுப்பினாரு. அதுவும் விதியை மீறி எதுல எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, வெறும் க்ரீம் பூசற பக்கமா பார்த்து!"

"ஆமா மேடம்."

"ஸ்டாண்ட் மாட்டினவன் யாரு?"

"தெரியாது."

"அப்ப அவர் வாயைத் திறந்தாதான் உண்டு. பெரிய மனுஷன். தன் வாயால ஒத்துக்குவாரா?"

அக்கா நிதானமாகச் சொன்னாள்.

"குளியலறை அலமாரியில ஒரு ஜாடி இருக்கு மேடம். அதை அவர்கிட்ட காட்டினா போதும்."

* * *

புரொஃபசரின் அறைச் சுவர் முழுக்க ஆந்தையின் முகம். வலது கன்னம் குழந்தைக் கன்னம். இடது கன்னம்... வேண்டாம். படத்துக்கு நல்ல சட்டம் வேறு!

"உக்காருங்க இன்ஸ்பெக்டர். என்னம்மா, எப்படி இருக்கீங்க? உங்க தம்பி வீணாப் போகல. லட்சம் பேரைக் காப்பாத்தப் போற முகம் அது!"

"ஜன்னல் பிலிமை யாரோ மாத்தியிருக்காங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடடா! கடைக்காரன் ஏமாத்தியிருப்பான். இந்தக் காலத்துல யாரை நம்பறது?"

"ஸ்டாண்ட் மாட்ட வந்த ஆளு..."

"ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் பேர் வராங்க, போறாங்க. எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் எனக்கு மீட்டிங் இருக்கு. வேற ஏதாவது?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அக்காதான் ஏதோ காட்டணும்னாங்க."

அக்கா ஒரு ஜாடியை மேஜைமேல் வைத்தாள். பாதி காலி. பழைய ஊறுகாய் ஜாடி.

"என்னம்மா இது?"

"உங்க க்ரீம் சார். ரெண்டும்."

"ரெண்டும்னா?"

"பச்சை டியூபையும் வெள்ளை டியூபையும் தம்பி இதுல பிதுக்கி, ஸ்பூனால கலக்கிடுவான். முதல் நாள்லேர்ந்தே. 'ஒரு கன்னம் மட்டும் மாத்தாந்தாய் பிள்ளையாக்கா? இருக்கறதை ரெண்டு பேருக்கும் பங்கு வைப்போம்'னான். ரெண்டு கன்னத்துலயும் இதைத்தான் பூசினான்."

புரொஃபசரின் முகம் வெளுத்தது.

"பொய்!"

"ஜாடியை லேபுக்கு அனுப்பிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த படத்தைச் சாவகாசமாகப் பார்த்தார். கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார்.

"ரெண்டு கன்னத்துலயும் ஒரே க்ரீம். ஒண்ணு போச்சு, ஒண்ணு பிழைச்சுது. அப்ப பிழைச்சதைக் காப்பாத்தினது உங்க மருந்து இல்ல சார். அந்தப் பக்கம் இருந்த சுவர்! பட்டம் கொடுக்கறதா இருந்தா அந்தச் சுவருக்குத்தான் கொடுக்கணும்."

"முட்டாள்!" புரொஃபசர் எழுந்துவிட்டார். நாற்காலி கவிழ்ந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! பச்சை வலது, வெள்ளை இடது! இதைக்கூடச் செய்யத் தெரியாத முட்டாள்! எத்தனை வருஷ உழைப்பு... கார் பிலிம் ஒட்டற கடைக்காரனைத் தேடிப் பிடிச்சு, அந்த ஜன்னலை மாத்தி, ஒரு வருஷம் காத்திருந்து... எல்லாத்தையும் ஒரு ஊறுகாய் ஜாடியில..."

நின்றார்.

தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சொல்லுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லாத்தான் போயிட்டிருந்தது. கடை எந்தத் தெருவுல?"

புரொஃபசர் வாயைத் திறந்தார். மூடினார். மீன் கரையில் விழுந்தால் இப்படித்தான்.

அக்கா அவரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

"அவனைக் கொன்னதுக்கு உங்களுக்குக் கோபம் வரல. ஜாடிக்குத்தான் வருது. இல்ல சார்?"

புரொஃபசரின் கண் ஜாடியை விட்டு நகரவில்லை.

"உங்க உடம்புல கத்தரிக்கோல் நல்லாத்தான் வேலை செய்யுது. தினமும் கிழியும், தினமும் தைக்கும். என்ன பிரயோஜனம்? அதை எல்லாம் உங்களை மாதிரி ஆளுக்காகப் பண்ணுதே!"

சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

"அது ஆஸ்பத்திரி சொத்து..." என்று முனகினார் புரொஃபசர்.

"முகம் எங்க வீட்டுது."

* * *

மறுநாள் காலை போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

"பிலிம் ஒட்டினவன் கிடைச்சுட்டான்மா. 'இது இன்னும் உசத்தியான பிலிம், நோயாளிக்கு நல்லது'ன்னு டாக்டர் சொன்னாராம். நம்பி ஒட்டியிருக்கான். இப்ப உக்காந்து அழறான்."

"அவன் மேல எனக்குக் கோபம் இல்ல மேடம்."

"உங்க புரொஃபசர் வேற உயிரை வாங்கறாரு. லாக்கப்ல புழுங்குதாம். ஜன்னல் பக்கமா இடம் வேணுமாம்!"

"சுவர் பக்கமாவே போடுங்க மேடம். ஆராய்ச்சியில அதுதானே ஜெயிச்சுது?"

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. அக்கா போனை வைத்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. யாரும் விசில் அடிக்கவில்லை.

மீட்டரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். ஸ்விட்சைத் தட்டினாள். சண்டைக்கு நடுவே மாட்டிய அதே ஒன்பது வாட்ஸ் பல்ப். அன்று புதுசு. இன்று பழசு. அவள் இப்போதெல்லாம் பழசையும் அளக்கிறாள்.

நேரே நீட்டினாள்.

பூஜ்யம்.

அந்த வீட்டுக்கு வந்துபோன பிரகாசங்களில் அந்த ஒன்பது வாட்ஸ்தான் யோக்கியம்!