ஜெனரல் சல்யூட் அடித்த பறவை

என் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவை, ஆறு யானை எடையுள்ள ராணுவ லாரியைத் தன் பின்னால் நடத்திக் கூட்டிப்போனது. அதைப் பார்த்து ஒரு ஜெனரல் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்!

நம்பமாட்டீர்களே? எங்கள் ஊர் டோனட் கடைக்கு வரும் பிள்ளைகளும் நம்புவதில்லை. பக்கத்து மேசை ஹாஸ்கெல் இருக்கிறாரே, நான் வாயைத் திறந்ததுமே, "ஆரம்பிச்சுட்டான்யா புளுக!" என்பார். இத்தனைக்கும் அன்று அவர் அங்கேதான் இருந்தார்.

அப்போது நான் கேன்சஸில் ஒரு ராணுவ முகாமில் மெக்கானிக். எங்கள் குழுவுக்குத் தலைவி சார்ஜண்ட் யொலாண்டா பிரிஸ்கோ. அவர் முறைத்தால் போதும், படுத்த லாரி எழுந்து உட்காரும். அவருடைய மகள் டெசாவுக்குப் பத்து வயது.

முகாமில் குறிபார்த்துச் சுட்டால் பதக்கம். வேகமாக ஓடினால் கோப்பை. மெக்கானிக்குகளுக்கு மட்டும் கிரீஸ்தான்! டெசாவுக்கு இது பெரிய மனக்குறை.

அந்த வருடம்தான் ஜெனரலே நேரில் வந்து, சிறந்த பராமரிப்புக் குழுவுக்கு விருது தருவதாக இருந்தது. ஒரே நிபந்தனை: கூப்பிட்டதும் எல்லா வண்டிகளும் யாரும் தள்ளாமல், இழுக்காமல் வரிசையிலிருந்து கிளம்பி வரவேண்டும். ஒன்று படுத்தாலும் விருது வேறு முகாமுக்குப் போய்விடும்.

எங்கள் கவலை பெட்டூனியா. இருப்பதிலேயே வயதான லாரி. ஒரு பாகம் வராமல், சரளைக்கல் தரையில் பல வாரங்கள் அசையாமல் நின்றது. பாகம் முந்தின நாள்தான் வந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து மாநிலத்து மாடுகள் எல்லாம் விழித்துக்கொண்டன.

ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். "கீய்ங்! கீய்ங்!"

"பெல்ட் கத்துது" என்றோம். புது பெல்ட் போட்டோம். இறுக்கினோம், தளர்த்தினோம், திட்டினோம். கத்தல் நிற்கவில்லை.

மறுநாள் ஜெனரல் அம்மா வந்துவிட்டார். சோதனை அதிகாரியாக வந்தவர் யார் தெரியுமா? நம்ம ஹாஸ்கெல்தான்! எல்லோரும் அவரை 'சீஃப்' என்போம். மற்ற வண்டிகள் எல்லாம் கிளம்பிப் போயின. கடைசியாகப் பெட்டூனியா.

"கீய்ங்!"

"என்ன சத்தம் அது? பெல்ட் போச்சா?" என்றார் ஹாஸ்கெல்.

"புது பெல்ட், சீஃப்!"

குடும்பத்தார் நின்ற இடத்திலிருந்து டெசா கேட்டாள்: "எஞ்சின் ஓடவே இல்லையே, பெல்ட் எப்படிக் கத்தும்?"

அடடா! முழு நாளும் எங்களுக்கு இது தோன்றவில்லையே!

டெசா ஓடிவந்து, குப்புறப் படுத்து லாரிக்கு அடியில் பார்த்தாள். "அம்மா! கில்டீர் பறவை! முட்டை போட்டிருக்கு!"

கில்டீர் கூடு கட்டாது. சரளைக்கல்லோடு கல்லாக, புள்ளி போட்ட நான்கு முட்டைகள். மேலே உட்கார்ந்து தாய்ப் பறவை எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது.

"தூக்கி ஓரமா வைங்கப்பா" என்றார் ஹாஸ்கெல்.

"தொடக்கூடாது சீஃப். சட்டம் இருக்கு. எங்க டீச்சர் சொன்னாங்க."

"அப்ப வண்டி வராது. வண்டி வரலன்னா விருதும் கெடையாது."

சார்ஜண்ட் பிரிஸ்கோ தொப்பியைக் கழற்றினார். "விருது போனாப் போவுது. முட்டை மேல நான் வண்டி ஏத்தமாட்டேன்."

டெசா மறுபடி குனிந்து பார்த்தாள். "ஏத்தவே வேணாம்மா! முட்டை நட்டநடுவுல இருக்கு. சக்கரம் ரெண்டு பக்கமும் தள்ளித்தானே இருக்கு? கோணாம நேரா வந்தாப் போதும். நான் அந்தக் கொடிக்கம்பத்துகிட்ட நிக்கறேன். என் மஞ்சத் தொப்பியையே பாத்து ஓட்டு!"

"கொஞ்சம் கோணினாலும் ஆம்லெட்தான்" என்றேன் நான்.

"வாய மூடுய்யா!" என்றார் சார்ஜண்ட்.

டெசா கொடிக்கம்பத்தடியில் போய் நின்றாள். சார்ஜண்ட் ஏறி உட்கார்ந்ததும் பெட்டூனியா உறுமியது. பறவை வெளியே பாய்ந்து, லாரிக்கு முன்னால் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது.

"ஐயோ, அடிபட்டிருச்சு!" என்று ஹாஸ்கெல் பதறினார்.

"நடிக்குது சீஃப்!" என்று டெசா கத்தினாள். "முட்டைகிட்ட யாரும் போகக்கூடாதுன்னு நம்மள இழுத்துட்டுப் போகுது!"

ஹாஸ்கெல்லின் முகம் சிவந்தது. உடனே விதி ஞாபகம் வந்துவிட்டது. "இங்க வண்டி நகரணும்னா முன்னால வழிகாட்டி ஒருத்தர் நடக்கணுமே! எங்க அந்த ஆள்?"

அந்த ஆள் நான்தான். குறுக்கே போனால் பறவை மிரண்டு சக்கரத்தில் விழுமே என்று ஒதுங்கி நின்றிருந்தேன்.

ஜெனரல் பறவையைக் காட்டினார். "அதோ நடக்குதே சீஃப், கண்ணு தெரியலயா?"

பறவை முன்னால் நொண்ட, லாரி பின்னால் ஊர்ந்தது. முன்சக்கரங்கள் தாண்டின. பின்சக்கரங்களும் தாண்டின. நான்கு முட்டைகளும் அப்படியே இருந்தன! பறவை ஒரே நொடியில் நொண்டலை மறந்து, பறந்து போய் அவற்றின் மேல் உட்கார்ந்தது.

ஜெனரல் எங்களை வரிசையாக நிற்கவைத்து, கேடயத்தை சார்ஜண்டிடம் தந்தார். எங்கள் ஒவ்வொருவர் கையையும் குலுக்கும்போதே உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்து அழுத்தினார். ராணுவத்தில் அது பதக்கம் மாதிரி, பெரிய மரியாதை.

"என் கையெல்லாம் கிரீஸ், உங்க கை கறுப்பாயிரும் மேடம்" என்றேன்.

"ஆகட்டும். நாளைக்கு மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டறேன்."

டெசாவுக்கும் ஒரு நாணயம் கிடைத்தது. பிறகு ஜெனரல் அந்தப் பறவையின் பக்கம் திரும்பி, குதிகால்களைச் சேர்த்து நின்று, ஒரு சல்யூட் அடித்தார்.

நேற்று கடையில் இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் பக்கத்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். "நெசமாவா சீஃப்?"

ஹாஸ்கெல் டோனட்டைக் கீழே வைத்தார். "லாரி ரெண்டு யானைக்கு மேல இருக்காது. மாட்டுக் கதை சுத்தப் புளுகு."

"அந்த சல்யூட்?"

அவர் மீசையிலிருந்த சர்க்கரையை மெதுவாகத் துடைத்தார்.

"அடிச்சாங்க. ஆனா அவங்களுக்கு முன்னாடி நான் அடிச்சேன்."