பெட்டிக்குள் போன கிருமி

சில்வண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓயாமல் கேள்வி கேட்பதால் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் அது.

பள்ளி நாடகத்தில் அவள் பி செல், அதாவது உடலுக்குள் கிருமியை எதிர்க்கும் ஒரு செல். கிருமி வந்தால் பசை தடவிய அட்டைகளை அதன்மேல் வீசி ஒட்ட வேண்டும். அதுவரை சரி.

"கிருமி செல்லுக்குள்ளேயே புகுந்துட்டா அட்டை எப்படி டீச்சர் ஒட்டும்?" என்று ஒத்திகையிலேயே கேட்டாள்.

சில கிருமிகள் அப்படிப் புகும், அப்போது பி செல் கிருமியின் ஒரு துணுக்கை டி செல்லிடம் காட்டும், பிறகு டி செல்கள் கிருமி புகுந்த செல்லையே அகற்றிவிடும் என்றார் டீச்சர். "நம்ம கிருமி உள்ளே போகாது. நீ பேசாம வீசு."

சில்வண்டுக்கு முன்பைவிடக் குழம்பியது.

கிருமி வேடம் வகுப்பில் பூனை என்று பெயர் வாங்கிய பையனுக்கு. மகா கூச்சக்காரன், நடந்தால் சத்தமே வராது. விழா அன்று மேடை ஏறியவன் கூட்டத்தைப் பார்த்தான். செல்லாக வைத்திருந்த பெரிய அட்டைப்பெட்டிக்குள் சட்டென்று குதித்து மூடியை இழுத்துக்கொண்டான். கிருமி வேடத்துக்காக அவன் போட்டிருந்த சிவப்புத் தொப்பி மட்டும் வெளியே விழுந்தது.

சில்வண்டு அட்டைகளை வீசினாள். எல்லாம் பெட்டிமேல்தான் ஒட்டின. கூட்டம் சிரித்தது. இப்போது என்ன செய்வது?

பெட்டிக்குள் விசும்பல் கேட்டது. "நான் வரமாட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவளுக்குப் பாவமாக இருந்தது. இவனை எப்படி வெளியே இழுப்பது? தொப்பியைக் கையில் எடுத்ததும்தான் டீச்சர் சொன்னது பளிச்சென்று விளங்கியது.

"நீ வரவே வேணாம். ஒளிஞ்சிருக்கிறதுதான் இந்தக் கிருமியோட வேலை. அப்படியே இரு" என்று கிசுகிசுத்தாள்.

ஓரத்தில் டி செல்லாக நெட்டையன் நின்றான். பாவம், அவனுக்கு வசனமே கிடையாது. தொப்பியை அவனிடம் நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கிருமி செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. என் அட்டை அங்கே போகாது. இதோ அதோட துணுக்கு. நீதான் உதவணும்."

நெட்டையன் திருதிருவென்று விழித்தான். பிறகு பெட்டியைப் பூனையோடு சேர்த்துத் திரைக்குப் பின்னால் தள்ளத் தொடங்கினான்.

அரங்கமே கைதட்டியது. டீச்சரும்தான்.

திரைக்குள் மறையும் நேரத்தில் பெட்டியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து கூட்டத்துக்கு டாட்டா காட்டியது.