எட்டு மீசை

மழை விட்டும் தவளைச் சத்தமே இல்லை. மூன்று நாளில் அடையாறு தெருமுனை வரை ஏறி, கொல்லைக் கிணறு கைப்பிடிச் சுவர் தளும்ப நிரம்பி, வாழையடியில் கணுக்கால் அளவு சேற்றுத்தண்ணீர் நின்றது. காதைத் துளைக்க வேண்டிய அந்தச் சாயங்காலம் ஈரச்சாக்கைப் போட்டு மூடினாற்போல் கிடந்தது. கீர்த்தி அடுக்களை ஜன்னலில் நின்று கவனித்தாள். கரண்ட் இல்லை. பின்வீட்டுப் பூனையும் திங்கட்கிழமையிலிருந்து பாலுக்கு வரவில்லை.

டங், டங், டங்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். இரண்டு வயது வர்ஷினி தரையில் உட்கார்ந்து டம்ளரைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். பசித்தால் அப்படித்தான். அப்பாவைப் பார்த்துப் பழகியது.

கொசுவுக்காகக் கிணற்றில் மீன் விடுவது அந்தத் தெருவில் வழக்கம். போன வருடம் அவள் கணவன் நல்லசிவம் சைதாப்பேட்டையில் பன்னிரண்டு கெளுத்திக் குஞ்சுகள் வாங்கிவந்தான். விலங்கியல் படித்தவளாயிற்றே என்று அவளிடம் நீட்டினான். மீசைகளை எண்ணினாள். எட்டு. "நம்ம ஊர்க் கெளுத்திதாங்க. புழு பூச்சி தின்னும், விடுங்க" என்றாள்.

கண்ட உயிரையெல்லாம் விழுங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் எட்டுதான். வித்தியாசம் மண்டையின் வடிவத்தில், அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கொசு தீர்ந்ததும் நல்லசிவம் தினமும் ஆறு மணிக்குக் கோழிக்கழிவு போட ஆரம்பித்தான். "இன்னா நைனா, வூட்ல புலி வளக்கிறியா?" என்று கேட்டபடியே கறிக்கடை அக்பர் பாஷா குடலையும் தலையையும் வாளியில் அள்ளிப் போடுவார். கிணற்றுச் சுவரில் வாளியை மூன்று தரம் தட்டினால் மீன்கள் மேலே வரும். வாயைத் திறந்து காற்றைக் குடிக்கும். போன மாதம் ஒன்றின் தலையைப் பார்த்தாள், சோற்றுத்தட்டு அகலம். அன்றைக்கே புத்தகத்தைப் புரட்டிவிட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வாய் திறக்கத்தான் கூச்சமாக இருந்தது.

"மூணு நாளா பாய் கடை தெறக்கல. பாவம், பட்டினியாக் கெடக்கும்." நல்லசிவம் மிச்சச் சோற்றை வாளியில் போட்டுக்கொண்டு வந்தான்.

"இன்னிக்கு வேணாங்க. தண்ணி சுவர் மட்டத்துக்கு நிக்குது. அப்புறம், அந்த மீனு..."

"நீதானட்டி சொன்ன, புழு பூச்சி திங்குற சாதின்னு. என்னையப் பாத்தா புழு மாதிரியா இருக்கு?"

சிரித்துக்கொண்டே போனான். அவள் அடுப்பை மூட்டத் திரும்பினாள்.

டங். டங். டங்.

பிறகு, நனைந்த ஜமக்காளத்தைக் கல்லில் அறைவது போல் ஒரு சத்தம். பாதி அலறல்.

குழந்தையை அப்படியே விட்டு ஓடினாள். வாளி மிதந்தது. கிணற்றுத் தண்ணீர் சிவந்து கொதித்தது. சுவரில் அவன் கை மட்டும் தெரிந்தது. அந்த மீன்களுக்கு வெட்டும் பல் கிடையாது, அரம் போன்ற பொடிப்பல். கவ்விக்கொண்டு உடம்பை முறுக்கும். முறுக்கின. முழங்கைத் தோல் சட்டைக்கை போல உரிந்தது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

எளிதாக வந்தது. கை மட்டும்.

கத்த வாயெடுத்தாள். கத்தவில்லை. சுவர் விளிம்பில் ஒரு தலை ஏறியது. இன்னொன்று. பன்னிரண்டு அல்ல. நிறைய. செதிளில்லாத கரிய உடம்புகள் சேற்றில் விழுந்து, துடுப்பு முள்ளை ஊன்றி, முழங்கையால் தவழ்வது போல் நகர்ந்தன.

கண் சரியாகத் தெரியாது அவற்றுக்கு. அதிர்வும் மீசையும்தான். அசையாமல் நின்றாள். மூச்சை அடக்கினாள். பாதத்தை ஒரு மீசை தடவியது. குளிர்ந்திருந்தது. தயங்கியது. விலகியது.

கொல்லைப்படியில் தலைகள் நின்றன. ஒவ்வொன்றாகக் கிணற்றுப் பக்கம் திரும்பின. போகின்றன. போய்விடும். சத்தம் மட்டும் கூடாது.

அடுக்களையிலிருந்து,

டங், டங், டங்.

"அம்மா, மம்மம்."

எட்டு எட்டாக அத்தனை மீசைகளும் அடுக்களை வாசற்படியை நோக்கி நிமிர்ந்தன.