விருந்துக்கு வந்தவன்

மேடையில் போட்டிருந்த ஐந்து பிரம்பு நாற்காலிகளில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது. மழை பெய்து ஒரு வாரம் ஆகிறது. மண்டபத்துக் கூரையில் ஒழுக்கும் இல்லை. யதிராஜன் தன் ராஜா அங்கியின் ஓரத்தால் துடைத்தான். துணியில் ஆற்று வண்டல் ஒட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை திருச்சிப் பள்ளிகளுக்கு ஷேக்ஸ்பியர் காட்சிப் போட்டி. இவர்களுடையது விருந்துக் காட்சி. நண்பனைக் கொல்லச் சொன்ன ராஜா விருந்தில் உட்காரப் போனால், அவன் இடத்தில் அந்த நண்பனின் ஆவி உட்கார்ந்திருக்கும். ஆவி வேஷம் நிஜாமுதீனுக்கு. ஆடி வெள்ளம் அவனைக் கொண்டுபோன பிறகு அற்புதசாமி வாத்தியார் வேறு பையனைப் போடவில்லை. நாற்காலி காலியாகவே இருக்கட்டும், நீ பார்க்கிற பார்வையில் அவன் தெரிந்தால் போதும் என்று யதிராஜனிடம் சொல்லிவிட்டார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பள்ளியில் நாடகப் புத்தகம் ஒன்றுதான். முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதிக்கொள்வார்கள். ஆவிக்கு வசனமே கிடையாது. ஆனாலும் எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்று குறித்துக்கொள்ள, புத்தகம் யதிராஜனிடம் இருந்த நாளில் நிஜாமுதீன் ஸ்ரீரங்கம் வரை நடந்து வந்தான். கோயில் வீதியில் ஆசாரமான வீடு. இவனை எப்படி உள்ளே அழைப்பது? அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவும் யதிராஜனுக்கு வெட்கம். காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறையிலேயே அவனை நிறுத்தி, "இங்கயே உக்காந்திரு, எடுத்துண்டு வரேன்" என்றான்.

"ராஜா சொன்னா சரி. சீக்கிரம் வா, பசிக்குது."

யதிராஜன் வீட்டுக்குப் போனான். சாப்பிட்டான். கண் அசந்துவிட்டது.

மூன்றாம் நாள் கல்லணைப் பக்கம் உடல் ஒதுங்கியது. வெள்ளம் படியேறியும் சொன்ன இடத்தை விட்டு அவன் நகரவே இல்லை என்று படித்துறைப் படகுக்காரர் சொன்னாராம்.

இப்போது திரை விலகியது. யதிராஜன் கிண்ணத்தை உயர்த்திக்கொண்டு திரும்பினான்.

நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் பிரம்பு தொய்ந்திருந்தது, ஓர் ஆள் உட்கார்ந்தாற்போல. அடியில் சொட்டு. இன்னொரு சொட்டு. ஊறிய பாசியின் வாடை. ஆங்கில வசனம் முழுக்க மறந்துபோயிற்று. ஆடியிலிருந்து தொண்டையில் நின்றது மட்டும் வெளியே வந்தது.

"நிஜாம், எங்காத்துக்கு வாடா. சாப்பிடலாம்."

சபை சிரித்தது. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். தொய்ந்த பிரம்பு மெல்ல மேலே எழுந்தது.

வீடு திரும்பும்போது காவிரிப் பாலத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவனுக்கு முன்னால் ஈரச் சுவடுகள் போயின. செருப்பில்லாத கால். ஆள் இல்லை. வழி கேட்காமல் திரும்பின. கோயில் வீதி. அவன் வீடு. நிலைப்படி தாண்டி உள்ளே.

கரண்டியும் கையுமாக அம்மா கமலவல்லி வந்தாள்.

"சிநேகிதனைக் கூப்பிட்டுட்டு நீ பின்னால வரலாமாடா? பாவம், சொட்டச் சொட்ட நனைஞ்சு வாசல்ல நின்னுண்டிருந்தது. நான்தான் உள்ள உக்காத்தி வச்சேன். பசின்னு வந்த குழந்தை பெருமாள் அனுப்பினதுன்னா. போ, தளிகை ஆயிடுத்து."

அன்று கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

கூடத்தில் இரண்டு இலைகள். ஒன்றின் முன்னால், முதுகு காட்டி, ஈரத் தலை. அது திரும்பவில்லை. வெளுத்து வீங்கிய கை ஒன்று பக்கத்து இலைக்கு நீண்டது. யதிராஜனுக்காக நீர் தெளித்து, பொறுமையாகத் துடைத்துக்கொண்டிருந்தது.